கழுவிப்போட்ட பதினான்கு கண்ணாடிகள்

பாலா,

நீ தபாலில் போட்ட சிறு புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. வானம் பார்க்கிற உன் நண்பர்கள் எல்லோருமாகத் தட்டச்சில் அடித்து, பிரதி எடுத்து, ஓரத்தைக் கையாலேயே தைத்து, ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு படத்தை ஒட்டியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை, இவனுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உன் கட்டுரையைப் படித்தேன். செனாவாங்கில் உன் வீட்டுக் கொல்லையில் தொழிற்சாலை வெளிச்சம் வந்து படத்தைக் கெடுப்பதையும், அதற்காக நீங்கள் நான்கு பேர் மோட்டார் சைக்கிள்களில் சாமான்களைக் கட்டிக்கொண்டு சி ரூசா கடற்கரைக்குப் போவதையும் நன்றாக எழுதியிருக்கிறாய். உன் அப்பா இருந்தால் அதை ஊரெல்லாம் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை. "என் தந்தை ஜப்பானியர் காலத்தில் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது எடுத்த பதினான்கு வானப் படங்களை ஜப்பானியச் சிப்பாய்கள் உடைத்துவிட்டார்கள். அவர் எடுத்தவற்றில் மிஞ்சியது அட்டையில் நீங்கள் பார்க்கும் இந்தக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மட்டுமே" என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் எழுதவில்லை. உனக்கு நாங்கள் சொன்னதைத்தான் எழுதினாய். ஆனால் பாலா, அந்தப் பதினான்கு படங்களை அழித்தது நான். மிஞ்சிய அந்த ஒன்றை எடுத்ததும் நான்தான். இதை உன்னிடம் நேரில் சொல்ல எத்தனையோ முறை வாய் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அடுப்பில் ஏதோ இருப்பதாக எழுந்து போய்விட்டேன். இப்போது நீ அச்சில் போட்டுவிட்டாய். அதனால் நானும் எழுதித்தான் தீர வேண்டும். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. உன் நண்பர்களுக்கும் படித்துக் காட்டு. அடுத்த புத்தகத்தில் இடம் இருந்தால் அப்படியே போடு. தேவகி நம் வீட்டுக்கு வரப்போகிறவள். அவளும் படிக்கட்டும்.

உன் அப்பாவை எனக்குக் கட்டி வைத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதுவரை நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு எனக்கு ஒதுக்கிய மரவரிசையான நிறையில் இறங்கினால், மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் நூல் பிடித்ததுபோல் சீவிக்கொண்டு போவேன். அவர் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸர். ஊசி போடுவார், புண் கழுவிக் கட்டுவார், மருந்து கலந்து கொடுப்பார். டிரஸருக்கு வாழ்க்கைப்பட்டதால் கத்தியைக் கீழே வைத்தேன். வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தை விட்டு மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த தனி வீட்டுக்கு வந்தேன். வந்த இரண்டாம் மாதமே எனக்குத் தூக்கம் போயிற்று. அமாவாசையை ஒட்டிய நாட்களில் மனிதர் இரவு சாப்பிட்டதும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். விடியும் நேரத்தில் கால் எல்லாம் புல் ஒட்ட வருவார். கேட்டால், "தொர பங்களாவுல வேல" என்பார். புதிதாகக் கல்யாணமான எந்தப் பெண் அதை நம்புவாள்? மூன்றாம் மாதம் ஒரு நாள் பின்னாலேயே போனேன். துரை பங்களாவின் புல்தரையில் இரண்டு ஆம்பளைகள் பேச்சு மூச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை ஒரு நீளமான பித்தளைக் குழாயில் கண்ணை வைத்திருந்தார். உன் அப்பா பக்கத்தில் நின்று கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் அங்கே நடந்தது. நான் செம்பருத்தி வேலிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன், வேறு எதுவும் நடக்கவில்லை. கொசுக்கடி தாங்காமல் நான் கையைத் தட்டிய சத்தத்தில்தான் பிடிபட்டேன்.

"யாரு?" என்று திரும்பினார் உன் அப்பா. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. துரை என்ன சொன்னாரோ, உன் அப்பா தலையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்தார். "வந்ததுதான் வந்துட்ட, ஒரு தடவ பாத்துட்டுப் போ" என்றார். அன்று நான் பார்த்தது சனிக்கிரகம். வளையத்தோடு குட்டியாக, யாரோ வரைந்து உள்ளே ஒட்டியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சிரிப்பியோன்னு நெனச்சேன்" என்றார். பாலா, நீயும் தேவகியிடம் இன்னும் சொல்லவில்லை என்று உன் நண்பன் வாய் தவறி என்னிடம் உளறிவிட்டான். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடு. மாதத்தில் ஐந்தாறு இரவு கொல்லையில் நிற்கிற மனிதன் என்று தெரிந்துகொண்டே அவள் வரட்டும். நான் வேலிக்குப் பின்னால் நின்ற மாதிரி அவள் நிற்கக் கூடாது.

ஜப்பான்காரன் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தி வந்ததும் துரை ஒரே பகலில் மூட்டை கட்டினார். காரில் ஏறும் முன் தொலைநோக்கியையும், அதன் முதுகில் பொருத்துகிற கேமராவையும், இரண்டு டஜன் கண்ணாடித் தகடுகளையும் உன் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் படச்சுருள் இல்லாத கேமராக்கள் உண்டு. கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கத்தில் மருந்து பூசியிருக்கும், அதில்தான் படம் விழும். துரை திரும்பவே இல்லை. உன் அப்பா எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தொலைநோக்கியைத் தாங்குகிற இரும்புத் தூணைக் கொல்லையில் நட்டார். நான் அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டேன். இந்தப் பக்கத்தில் வடதுருவ நட்சத்திரம் தொடுவானத்தை ஒட்டியே கிடக்கும், மேலே வராது, அதனால் தூணின் தலையில் இருந்த இரும்பு அச்சை வடக்கு நோக்கி ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்தக் காலத்தை எல்லோரும் இருண்ட காலம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நிஜமாகவே இருட்டு என்பது உனக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் கிடையாது, லயத்தில் ஒரு விளக்கு எரியாது. பால் வெட்டு நின்றுபோனதால் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்திலும் புகை இல்லை. தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்ததும் வானம் அப்படியே கூரைமேல் இறங்கி வந்துவிடும். கடிகாரத்தையும் ஜப்பான் நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தோம், ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். உன்னைத் தூங்க வைத்துவிட்டு நான் கொல்லைக்குப் போவேன்.

தகட்டில் நட்சத்திரம் விழ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை வானம் சுற்றுகிற வேகத்துக்கே தொலைநோக்கியையும் கையால் நகர்த்த வேண்டும். உன்னிடம் இருப்பதுபோல் அதற்கு மோட்டார் கிடையாது. பார்க்கிற குழாய்க்குள் சிலந்தி இழையில் சிலுவைபோல் இரண்டு கோடு கட்டியிருக்கும். ஒரு நட்சத்திரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் அது சின்ன வட்டமாகத் தெரியும், அதன் நடுவில் அந்தக் கறுப்புக் கோடுகள் எப்போதும் நிற்க வேண்டும். நட்சத்திரம் நகர நகர, ஒரு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உன் அப்பாவுக்குப் பத்து நிமிடத்தில் கை நடுங்கும். அவர் எடுத்த முதல் இரண்டு படத்தில் நட்சத்திரமெல்லாம் புழுப்போல் நெளிந்திருந்தது. மூன்றாவது முறை அவர் அலுத்துப்போய் நகர்ந்தபோது நான் திருகைப் பிடித்தேன். பட்டையைச் சீவிய கைக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பினேன். அந்தப் படத்தில் நட்சத்திரங்கள் ஊசி குத்தியதுபோல் வந்தன. அன்றிலிருந்து எங்கே பார்ப்பது என்று அவர் சொல்வார், திருகு என் கையில். நீ எழுதியிருக்கும் "அப்பா எடுத்த பதினான்கு படங்களில்" பன்னிரண்டு அப்படித்தான் எடுத்தோம்.

ஒரு சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவை நீ சாமியாக வைத்திருக்கிறாய், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் சொல்கிறேன். தகட்டில் படத்தைத் தெரியவைக்கிற மருந்துப் பொடியைத் துரை விட்டுப் போயிருந்தார். தெரிந்த படம் வெளிச்சத்தில் அழியாமல் நிற்பதற்கு ஹைப்போ என்று ஒரு மருந்து வேண்டும், கற்கண்டு மாதிரி இருக்கும். அதே மருந்தைக் கரைத்துப் பூசினால் சிரங்கு ஆறும். மருந்தகத்தில் ஒரு டின் இருந்தது. ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் சோப்பு இல்லை, மாற்றுத் துணி இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தவிரச் சாப்பாடு இல்லை. தோட்டம் முழுக்கச் சிரங்கு. நம் அஞ்சலை அத்தை அப்போது லயத்தில் இருந்தாள். ஒரு நாள் மருந்தக வாசலில் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். குழந்தையின் விரல் இடுக்கெல்லாம் சீழ்.

"மருந்து தீந்துருச்சு அஞ்சலை. வேப்பெல அரைச்சுப் போடு" என்று உன் அப்பா சொன்னதை நான் உள்ளிருந்து கேட்டேன். படம் கழுவுகிற எங்கள் குளியலறையில் அந்த டின்னில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, அந்தப் புள்ளைக்கு இல்லாத மருந்து நட்சத்திரத்துக்கு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எடுத்ததெல்லாம் அழிஞ்சி போயிரும். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்தப் புள்ள ராத்திரி பூரா அழுவுறதும் தெரியும்."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு அஞ்சலையின் லயத்துக்கு அவரே போனார். பொய் சொன்னேன் என்று அவள் புருஷன் மாரிமுத்து முன்னாலேயே ஒப்புக்கொண்டாராம். அதற்குப்பிறகு எங்களுக்கென்று வைத்துக்கொண்டது, ஏற்கெனவே கரைத்துப் பலமுறை பயன்படுத்திய ஒரே ஒரு போத்தல் தண்ணீர்தான். மாரிமுத்து அதிலிருந்து எங்களுக்குச் சிநேகிதமானான். அவனும் சில நாள் கொல்லைக்கு வந்து குழாயில் பார்ப்பான். பாலா, நல்ல மனிதர்களுக்கும் தங்கள் ஆசை என்று வரும்போது கண் மறைத்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருத்தி கேட்கும்படி இருக்க வேண்டும். தேவகி கேட்டால் கோபித்துக்கொள்ளாதே.

கொஞ்ச நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் நாற்பது பேர். கூடவே ஒரு டிரஸரும் போக வேண்டும் என்று உத்தரவு. மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். மாரிமுத்துவின் பெயரும் பட்டியலில் இருந்தது. உனக்கு அப்போது நான்கு வயது. லாரி ஏறும்போது உன் அப்பா என்னிடம் சொன்னது, "கொழாய மண்ணுல பொதைச்சிரு. பெட்டியில இன்னும் பத்துத் தகடு இருக்கு. மாசியில எல உதிரும். நான் வர நேரமானா கார்த்திகைய நீயே எடு." புருஷன் போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு ஆத்திரம். பதிலே சொல்லவில்லை. லாரி போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு இருபது மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று, ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலி ஓரமாக நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "டிரஸரம்மா, ஒங்க வீட்டுக்குப் பின்னால முன்ன ராத்திரில என்னமோ நடந்துச்சின்னு எவனோ சொல்லிக் குடுத்துட்டான். நாளைக்குக் காலையில ஜப்பான்காரன் வருவான். பாத்துக்குங்க லா."

குழாயும் கேமராவும் ஏற்கெனவே மரவள்ளிப் பாத்தியில் புதைந்திருந்தன. தகடுகள் மட்டும் வீட்டில் இருந்தன. மண்ணில் வைத்தால் ஈரத்தில் கெட்டுவிடும் என்று அவற்றைப் புதைக்கவில்லை. படம் எடுத்த பதினான்கையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தகட்டில் எல்லாம் தலைகீழ், வானம் வெள்ளையாகவும் நட்சத்திரம் கறுப்பாகவும் இருக்கும். வெறும் கண்ணாடியில் நூற்றுக்கணக்கான கறுப்புப் புள்ளிகள். எனக்கு அன்று அவை நட்சத்திரமாகத் தெரியவில்லை. குண்டு போட வேண்டிய இடங்களைக் குறித்த வரைபடம் மாதிரித் தெரிந்தன. அவனுக்கும் அப்படித்தானே தெரியும்? என்னைக் கொண்டுபோனால் நீ யாரிடம் இருப்பாய்? அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். சாம்பலைக் கரைத்து ஊற்றினேன். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மருந்துப் பூச்சு சளிபோல் திரண்டு உரிந்து சாக்கடையில் போனது. நாங்கள் மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்து நின்றதெல்லாம் ஒரு சாயங்காலத்துக்குள் போய்விட்டது. நீ பக்கத்தில் நின்று, "அம்மா, ஏன் அழற?" என்று கேட்டாய். சாம்பல் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

காலையில் மூன்று சிப்பாய்களும், மொழி சொல்ல ஒரு தமிழ் ஆளும் வந்தார்கள். "ரேடியோ எங்கே?" என்று கேட்டான் அந்த ஆள். நான் இல்லை என்றேன். படுக்கை, அரிசிப் பானை, விறகு எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். அடுக்கி வைத்திருந்த பதினான்கு கண்ணாடியையும் ஒரு சிப்பாய் எடுத்துப் பார்த்தான். "என்ன இது?" "களிம்பு கொழைக்கிற கண்ணாடி." கீழே வைத்துவிட்டான். ஒன்றைக்கூட அவன் உடைக்கவில்லை, பாலா. மெதுவாகத்தான் வைத்தான். புதுத் தகடு இருந்த பெட்டியைத் திறந்து கறுப்புத் தாளைக் கிழித்தான். வெளிச்சம் பட்டு எட்டுத் தகடு வீணாயிற்று. அடியில் தனியாகச் சுற்றியிருந்த இரண்டை மட்டும் அவன் தொடவில்லை. ஹைப்போ போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையில் கொட்டினான். கால் மணி நேரத்தில் போய்விட்டார்கள். அவர்கள் தேடி வந்தது ரேடியோ. வானத்துப் படத்தை அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு இரவு பொறுத்திருந்தால் பதினான்கும் இருந்திருக்கும். பயம் வரும்போது கைக்கு உடனே ஒரு வேலை வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்யுமுன் பக்கத்தில் இருக்கிற யாரையாவது கேட்டுவிடு. நான் யாரையும் கேட்கவில்லை. அஞ்சலை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவள்தான் வந்து சாமான்களை எடுத்து அடுக்கினாள். நான் கண்ணாடிகளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "வானம் அங்கதான அக்கா இருக்கு. மறுபடி எடுத்துக்கலாம்" என்றாள். எனக்கு அன்று அது ஆறுதலாகப் படவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தை கழிந்து மரமெல்லாம் மொட்டையானபோது அவளே வந்து, "அண்ணன் சொல்லிட்டுப் போன மாசம் வந்துருச்சு. தோண்டுவமா?" என்று கேட்டாள்.

இரண்டு பெண்களும் பொழுது சாயும் நேரத்தில் மரவள்ளி தோண்டுகிற மாதிரி தோண்டினோம். குழாயைத் துடைத்து, பஞ்சில் சுற்றி மருந்து டப்பாவில் ஒளித்திருந்த அதன் முகப்புக் கண்ணாடி வில்லையைப் பொருத்தி, தூணில் ஏற்றினோம். அஞ்சலை வேலி ஓரம் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டாள். முதல் தகட்டை நான் வீணாக்கினேன். முக்கால் மணி நேரம் திருகைத் திருப்பிய பிறகுதான் தகட்டின் முன்னால் இருந்த மூடியை இழுக்கவே இல்லை என்று தெரிந்தது. அதைத் தடவித் தடவி எடுக்கும்போது தகடு தூணில் மோதி உடைந்தும் போயிற்று. இருட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவ்வளவு பஞ்சத்திலும் பயத்திலும், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். மறுநாள் கடைசித் தகடு. இந்த முறை மூடியை அஞ்சலை இழுத்தாள், நான் எண்ணினேன். ஐம்பது நிமிடம். நடுவில் நீ விழித்துக் கூப்பிட்டாய். அவள் ஓடிப்போய் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, என் கை அசையாமல் இருக்க உன் வாயில் வெல்லத்தை வைத்தாள். எடுத்து முடித்த தகட்டைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அதைக் கழுவினால் படத்தை நிறுத்த ஒரு சொட்டு ஹைப்போ கிடையாது. அதில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்றே தெரியாமல் கிட்டத்தட்ட ஒரு வருடம் அது இருட்டில் கிடந்தது.

யுத்தம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு லாரி தோட்டத்து ரோட்டில் வந்து நின்றது. நாற்பது பேர் போனதில் பதினோரு பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு கோலை ஊன்றிக்கொண்டு இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். உன் அப்பா முதலில் என்னைப் பார்க்கவில்லை. லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அஞ்சலையிடம் நேராகப் போய், அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணாடிகளைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அவர் காலில் இருந்த புண்ணைக் கழுவிக் கட்டும்போது, முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "எல்லாமா?" என்று கேட்டார். "எல்லாம்" என்றேன். "நான் இங்க இருந்திருந்தா நானே ஒடைச்சிருப்பேன்" என்றார். அது உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு அவராகவே, "யாராவது கேட்டா ஜப்பான்காரன் ஒடைச்சிட்டான்னு சொல்லிக்கலாம். அவன் ஒடைச்சது கொஞ்சமா? அதோட இதுவும் சேரட்டும்" என்றார். அப்படித்தான் உனக்கு அந்தக் கதை வந்தது. என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய்யை நான் முப்பது வருடமாக அனுபவித்துவிட்டேன். செய்யாத ஒன்றை அந்தச் சிப்பாயின் தலையில் இனியும் வைக்க வேண்டாம்.

மருந்தகத்துக்கு மருந்து வர இன்னும் சில மாதம் ஆயிற்று. வந்த அன்று சிரங்குக்குப் போதுமான அளவை எடுத்து வைத்த பிறகுதான் எங்களுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்தார். குளியலறையில் சிவப்புத் துணி சுற்றிய விளக்கை வைத்துக்கொண்டு துரையின் பொடியைக் கரைத்துக் கடைசித் தகட்டைத் தட்டில் இட்டு ஆட்டினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி, இரண்டு, ஆறு. வெறும் கண்ணுக்குக் கார்த்திகையில் ஆறுதான் தெரியும். தகட்டில் அதற்குமேல் வந்துகொண்டே இருந்தன. உன் அப்பா எண்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். நட்சத்திரங்கள் கொஞ்சம் முட்டை வடிவமாக இருக்கின்றன, நீயும் அதைக் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். நீ வெல்லத்துக்கு அழுத நேரத்தில் என் கை ஒரு கணம் பிந்திவிட்டது. அதனால்தான் அது.

அதற்கு அடுத்த அமாவாசைக்குக் குழாயைக் கொல்லையில் நிறுத்தி, திரும்பி வந்தவர்களையும் வராதவர்களின் வீட்டாரையும் கூப்பிட்டோம். ஒளிந்து பார்க்கத் தேவையில்லை என்பதே எங்களுக்குப் பழக்கப்படவில்லை, அப்போதும் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். அஞ்சலை கடைசியில் வந்தாள். கார்த்திகையைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமலே, "அண்ணே, சயாம்லயும் இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. இங்கயவிட நல்லாவே தெரியும். கூடாரத்துக்கு வெளிய மாரிமுத்துவும் நானும் ஒக்காந்து பாப்போம். இந்நேரம் ரெண்டு பேரும் அங்க தகட மாத்திக்கிட்டிருப்பாளுங்கன்னு சொல்லுவான்."

"நெசமாவா சொன்னாரு?"

"நெசமா சொன்னான். நல்லா இருந்தப்ப சொன்னான்."

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வரிசையில் பின்னால் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

உன் கட்டுரையில் திருத்த வேண்டியது இவ்வளவுதான். படத்தின் கீழே என் பெயரைப் போடுவதாக இருந்தால் அஞ்சலை அத்தையின் பெயரையும் சேர்த்துப் போடு, மூடியை இழுத்தது அவள். பதினான்கு படம் போனதற்கு நான் அழுதது போதும், நீ அதற்காக வருத்தப்படாதே. உன் வயதில் உன்னிடம் மோட்டார் வைத்த தொலைநோக்கி இருக்கிறது, படச்சுருள் கடையில் கிடைக்கிறது, யாருக்கும் பயப்படாமல் விடிய விடிய நிற்கலாம். அதே வானத்தில் நாங்கள் எட்டாததையெல்லாம் நீ எடுப்பாய். தேவகியின் கையில் ஒரு நாள் அதைக் கொடுத்துப் பார். வராவிட்டால் வற்புறுத்தாதே. வந்தால், அவள் எடுத்ததை அவள் எடுத்தாள் என்றே எழுது.

கடைசியாகக் கல்யாணத்தைப் பற்றி ஒன்று. உன் அப்பா இல்லாததால் மணமேடையில் நான் நிற்பது சரியா என்று சொந்தக்காரர்கள் இப்போதே பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. தாலித் தட்டைச் சுமங்கலிகளிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று உன் பெரியப்பா வீட்டில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். நான் மேடையில் உன் பக்கத்தில்தான் நிற்பேன். அஞ்சலை தன் மகளோடு வெள்ளிக்கிழமையே வந்துவிடுவாள். வந்தால் மண்டபத்தின் பின்வரிசையில் போய் உட்காருவாள், எனக்குத் தெரியும். நீ இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வா. ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டை முதலில் அவளிடம் கொடு, நீயும் தேவகியும் முதலில் அவள் காலில் விழுங்கள். யாராவது ஏன் என்று கேட்டால் சண்டை போடாதே. உட்கார வைத்து இந்தக் கடிதத்தைக் கொடு, படித்து முடிக்கும்வரை முகூர்த்தம் காத்திருக்கும்.

அம்மா